மூன்று பேர் சொன்ன அளவு

திங்கட்கிழமை காலை மெற்றில்டா மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது ஸ்ரீஸ்கந்தராசா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அந்தத் தொடர்மாடியில் லிப்ட் பழுதாகி இரண்டு மாதம். மற்ற நாட்களில் மணியை அடித்துவிட்டு, உள்ளேயிருந்து நேசமலர் வந்து திறக்கும்வரை அவள் சுவரில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொள்வாள். அன்றைக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மனிதர் விடுகிற மூச்சு. இருபத்திரண்டு வருடம் தாதியாக வேலை செய்தவளுக்கு அது என்னவென்று விளங்கப் படியைத் தாண்டவும் தேவையிருக்கவில்லை.

கட்டிலில் ஸ்ரீஸ்கந்தராசா முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தார். ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. தலைமாட்டில் நேசமலர் ஈரத்துவாயோடு நின்றார். சேலை கசங்கியிருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எப்பயிலிருந்தும்மா இப்படி?"

"சனி மத்தியானம் தொடங்கினது, மிஸி. நேற்று முழுக்க இப்பிடித்தான்."

"மருந்து குடுத்தீங்கதானே? எவ்வளவு?"

நேசமலர் மேசையில் இருந்த மோர்பின் போத்தலையும் சிரிஞ்சியையும் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இரண்டரை."

 இரண்டரை மில்லிலீற்றர் என்பது மெற்றில்டா அறிந்த அளவில் பாதிதான்.

ஸ்ரீஸ்கந்தராசா புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிக்காரர் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், நீதவான் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றார். கணையத்தில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிய பிறகு, இனிச் சத்திரசிகிச்சையால் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைப் பார்த்துக்கொண்டது கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைகளில் இயங்கும் ஒரு சிறிய நோய்த்தணிப்புச் சேவை. மாறாத நோயோடு வீட்டில் இருப்பவர்களைத் தேடிப் போய், வலியைக் குறைத்து, கூட இருந்து பார்ப்பது அதன் வேலை. டொக்டர் ஷஸ்னா செவ்வாய்களில் வருவாள். மெற்றில்டா திங்களும் வியாழனும். வெள்ளிக்கிழமைகளில் ராகுலன் வருவான். மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குடும்பத்தோடு கதைப்பது அவன் பொறுப்பு. மூன்று பேரும் வெவ்வேறு நாட்களில் வந்ததால், அந்த வீட்டில் ஒரு நாளாவது மூவரும் ஒன்றாக இருந்ததில்லை.

மெற்றில்டா ஷஸ்னாவுக்குப் போன் எடுத்தாள். ஷஸ்னா கல்கிசையில் இன்னொரு நோயாளி வீட்டில் நின்றாள்.

"இரண்டரையா? ஏன்? நான் போன செவ்வாய் ஏழரை ஆக்கினேன் தானே, சிஸ்டர்."

மெற்றில்டா ஒரு கணம் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை தான் செய்த பிழை அவளுக்கு விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை அவள் வந்தபோது ஸ்ரீஸ்கந்தராசா தூங்கி வழிந்துகொண்டிருந்தார். எவ்வளவு மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு நேசமலர் ஏழரை என்றார். வீட்டில் இருந்த கோப்பில் ஐந்து என்றுதான் எழுதியிருந்தது. "டொக்டர் பிள்ளை கூட்டச் சொன்னவ," என்று நேசமலர் சொல்லத்தான் சொன்னார். மெற்றில்டா நம்பவில்லை. "நீங்க பிழையா விளங்கியிருப்பீங்கம்மா. ஐந்தே குடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு போன் எடுத்துக் கேட்க இரண்டு நிமிடம் போதும். அவள் எடுக்கவில்லை.

"டொக்டர், மிச்சத்தை நேரில கதைப்போம். இப்ப எவ்வளவு குடுக்கட்டும்?"

ஷஸ்னா சொன்னாள். மெற்றில்டா சிரிஞ்சியில் மருந்தை எடுத்து, அவர் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தாள். நாடி பார்த்தாள், மூச்சை எண்ணினாள். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகும் வலி முழுதாக விடவில்லை. ஷஸ்னாவிடம் மறுபடி கேட்டு இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். பத்தரை மணியளவில் அவருடைய முழங்கால்கள் தாமாகவே நீண்டன.

"மிஸி," என்றார் அவர். மூன்று நாளில் அவர் சொன்ன முதல் தெளிவான சொல் அதுதான் என்று நேசமலர் பிறகு சொன்னார்.

பதினொரு மணிக்கு ஷஸ்னா வந்தாள். பம்பலப்பிட்டியில் இருந்த ராகுலனும் செய்தி கேட்டு வந்து சேர்ந்தான். ஷஸ்னா அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு மற்ற இருவரையும் வெளியே வரச் சொன்னாள். மூவரும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றார்கள். கதவைச் சாத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் ரெஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் போனேன், சிஸ்டர்," என்றாள் ஷஸ்னா. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. இந்தச் சேவையில் சேர்ந்து எட்டு மாதம். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"ரெஜிஸ்டர் கொட்டாஞ்சேனையில இருக்கு டொக்டர். ஐயா வெள்ளவத்தையில இருக்கிறார். வீட்டுக் கோப்பில ஒரு வரி எழுதியிருந்தா நான் பார்த்திருப்பேன்."

"வீட்டுக் கோப்பை அன்டி உள்ளுக்கு எங்கயோ வெச்சிருந்தாங்க. எனக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாயிட்டு. சரி, சந்தேகம் வந்தா நீங்க எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம் தானே?"

மெற்றில்டா ராகுலனின் பக்கம் திரும்பினாள்.

"நான் ஐந்து சொன்னேன். டொக்டர் ஏழரை சொன்னாங்க. இரண்டரை எங்கயிருந்து வந்தது?"

ராகுலன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். "நான்தான் அக்கா. வெள்ளிக்கிழமை அன்ரி அழுதுகொண்டு நிண்டவ. ஒராள் கூட்டச் சொல்லுறா, ஒராள் குறைக்கச் சொல்லுறா, கூடக் குடுத்து அவர் எழும்பாமல் போனால் நான்தானே சாகடிச்சதாப் போகும் எண்டு கேட்டா. நான்… பயமா இருந்தா திங்கட்கிழமை மிஸி வரும்வரைக்கும் கொஞ்சம் குறைச்சே குடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"மருந்தைப் பத்தி நீங்க ஏன் கதைச்சீங்க?"

"கதைச்சிருக்கக் கூடாது. தெரியும்."

"தெரிஞ்சுதானா செஞ்சீங்க?"

"அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் ஒரே அளவைச் சொல்லியிருந்தா அவ என்னட்டக் கேட்டேயிருக்க மாட்டா!"

குரல்கள் உயர்ந்துவிட்டன. கீழ்மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள். அப்போது உள்ளேயிருந்து ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் கேட்டது. சத்தம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது.

"உள்ளுக்கு வந்து சண்டை பிடியுங்கோ. அரைவாசிதான் எனக்குக் கேக்குது."

மூவரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

நேசமலர் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படிக்கட்டில் கதைத்த எல்லாமே அவருக்கும் கேட்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. மெற்றில்டா நேராக அவரிடம் போனாள்.

"அம்மா, வியாழக்கிழமை நீங்க குடுத்த அளவுதான் சரி. நீங்க சரியா விளங்கி, சரியாச் செஞ்சிருக்கீங்க. நான்தான் கேக்காம மாத்தினேன். பிழை என்னோடது."

"எழுதாமப் போனது நான், அன்டி," என்றாள் ஷஸ்னா.

ராகுலன் நெஞ்சில் கையை வைத்தான்.

நேசமலர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "அப்ப… நான் இவரைக் கொடுமைப்படுத்தேல்லையா?" என்று கேட்டார். "ரெண்டு நாளா இவர் துடிக்கேக்க, போன் எடுப்பம் எண்டு போனைக் கையில எடுப்பன். எடுத்துப்போட்டு, பிழையாக் குடுத்தது நான்தானே, திரும்பவும் பேச்சுத்தான் வாங்கோணும் எண்டு வைச்சிடுவன். பயத்தில இவரை நோக விட்டிட்டனே, மிஸி."

மெற்றில்டாவுக்கு வியாழக்கிழமை தான் பேசிய தொனி நினைவுக்கு வந்தது. அவள் நேசமலரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.  

"மலர்," என்றார் கட்டிலில் இருந்தவர். "நான் உம்மை ஒரு சொல்லுச் சொன்னனானா? அழாதையும். வந்து இதில இரும்."

நேசமலர் போய்க் கட்டில் விளிம்பில் இருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார். "அந்த அளவைக் கேட்ட உடனயே எனக்கு மனசு சரியில்லை. ஏழரை எண்டு சொல்லிக்கொண்டு ஒரு மனுசனுக்கு மருந்து குடுக்கிறதே?"

ஷஸ்னாவுக்கு விளங்கவில்லை. அவள் ராகுலனைப் பார்த்தாள். "ஏழரைச் சனி, டொக்டர்," என்று அவன் தாழ்ந்த குரலில் விளக்கினான். "சனி பிடிச்சிருக்கிற ஏழரை வருசம். எங்கட ஆக்களுக்கு அந்த இலக்கமே ஆகாது."

ஷஸ்னா மருந்துப் போத்தலை எடுத்துப் பார்த்தாள். "எனக்கு இது தெரியாதே. அப்ப எட்டு ஆக்குவோம், அன்டி. இவருக்கு அந்த அரை மில்லியால ஒண்டும் ஆகாது. எட்டுக்கு ஏதும் பிரச்சினை இரிக்கா?"

ஸ்ரீஸ்கந்தராசா சிரித்தார். சிரிப்பு வயிற்றில் பிடிக்க, கையை அங்கே வைத்துக்கொண்டு இன்னும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் மூவரையும் உட்காரச் சொன்னார். ஷஸ்னா கதிரையில் அமர்ந்தாள். ராகுலன் மருந்து மேசைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துக்கொண்டான்.

"நீங்கள் மூண்டு பேரும் ஒண்டா வந்திருக்கிறீங்கள். திரும்ப எப்ப கிடைக்குமோ தெரியாது. எனக்கு ஒரு கேள்வி இருக்கு. தனித்தனியா மூண்டு பேரிட்டையும் கேட்டிட்டன். டொக்டர் பிள்ளையைக் கேட்டன், எனக்கு இன்னும் எவ்வளவு காலமெண்டு. இப்ப வலியைப் பார்ப்போம் அங்கிள் எண்டவ. மிஸியைக் கேட்டன். அது ஆண்டவர் கையில ஐயா எண்டவ. தம்பியைக் கேட்டன். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு என்னையே திருப்பிக் கேட்டார். கோட்டில எண்டா இந்த மூண்டு சாட்சியையும் நீதவான் ஏசிக் கலைச்சிருப்பார்."

"இஞ்சேருங்கோ, இப்ப ஏன் அந்தக் கதை," என்று நேசமலர் அவசரமாகக் குறுக்கிட்டார். ஒவ்வொருவரும் முதன்முதல் வந்த நாளிலேயே அவர் மூன்று பேரையும் தனித்தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார்.

"மலர், உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்தப் பிள்ளையளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறதிலதான் எல்லாருக்கும் களைப்பு. எனக்கு வலியை விட அந்தக் களைப்புக் கூட."

நேசமலர் தலையைக் குனிந்தபடியே, "சொல்லுங்கோ, பிள்ளை," என்றார்.

ஷஸ்னா மெற்றில்டாவைப் பார்த்தாள். இப்படியொரு செய்தியை அவள் ஆஸ்பத்திரி நடைபாதைகளில் நின்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு விரைந்து நடந்துவிடலாம். இங்கே அப்படி முடியாது. மெற்றில்டா போய் நேசமலரின் பக்கத்தில் தோளோடு தோள் படும்படி அமர்ந்தாள். கடற்கரைப் பாதையில் ரயில் வரும் இரைச்சல் கேட்டது. ராகுலன் எழுந்து பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். 

ஷஸ்னா கதிரையைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"மாசக் கணக்கு இல்லை, அங்கிள். கிழமைக் கணக்குத்தான். நாலு கிழமை, அஞ்சு கிழமை இரிக்கலாம். நான் சொல்றது பிழைச்சும் போகலாம். ஆனா வலியோட உங்கள விட மாட்டோம். இந்த மூணு நாள் மாதிரி இனி ஒரு நாள் வராது. அதை மட்டும் உறுதியாச் சொல்றன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நேசமலரின் தோள் குலுங்குவதை மெற்றில்டா தன் தோளில் உணர்ந்தாள்.  

"தீர்ப்புச் சொல்லேக்க அதை மாத்திச் சொல்ல எனக்கு உரிமை இருக்கேல்லை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா கண்ணைத் திறந்து. "பதினைஞ்சு வருசம் எண்டா பதினைஞ்சு வருசம்தான். ஆனா கூண்டில நிக்கிறவன்ர முகத்தைப் பாத்து, மெதுவாச் சொல்லலாம். நீர் மெதுவாச் சொன்னீர், பிள்ளை. சந்தோசம்."

பிறகு அவர் தனக்கு வேண்டியவற்றைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது. மெல்பேர்னில் இருக்கும் மகன் ஜனாவுக்கு இன்றைக்கே உண்மையைச் சொல்ல வேண்டும். "செத்தவீட்டுக்கு வாறதை விட்டிட்டு, இப்ப வந்து என்னோட கதைக்கட்டும்." அந்தப் பொறுப்பை ராகுலன் எடுத்துக்கொண்டான். மகனோடு எப்படித் தொடங்குவது என்று நேசமலரோடு இருந்து கதைத்து, அன்று மாலையே அழைப்பை எடுத்துக் கொடுத்தான். ஜனா ஆறாம் நாள் வந்து இறங்கினான். இரண்டு கிழமை அப்பாவின் காலடியிலேயே இருந்தான். அவருக்குச் சவரம் எடுத்துவிட்டான். இருவரும் பழைய வழக்குக் கதைகள் கதைத்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பிரிஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. யார் வந்தாலும் என்ன பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அதில் தமிழில் எழுத வேண்டும். மருந்து அளவை மாற்றுவதென்றால் நேசமலரின் முன்னாலேயே, போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, மற்றவர்களோடு கதைத்த பிறகுதான் மாற்ற வேண்டும். இது மெற்றில்டா சொன்ன ஏற்பாடு. செவ்வாய்க்கிழமைகளில் வேலை தொடங்குமுன் மூவரும் கொட்டாஞ்சேனை அறையில் அரை மணித்தியாலம் இருந்து, எல்லா நோயாளிகளைப் பற்றியும் கதைப்பது என்றும் முடிவாயிற்று. முதல் கிழமை அது சங்கடமாகத்தான் இருந்தது. ஒருவர் சொல்வதை மற்றவர் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டார். "என்னை விசாரிக்கிற மாதிரிக் கேக்காதீங்க, டொக்டர்," என்று மெற்றில்டா ஒரு தடவை எழுந்தே விட்டாள். ஷஸ்னா பிளேன்டீ வாங்கி வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாள். மூன்றாம் கிழமை ராகுலன் ஒரு வீட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தானாகவே சொன்னான். எட்டு மாதத்தில் அவர்கள் ஒருவர் முன்னால் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தாளில் எழுத ஷஸ்னா ஒரு நாள் மறுபடியும் மறந்தாள். அவள் கீழே வீதிக்கு இறங்குமுன்பே போன் அடித்தது.

"பிள்ளை, தாளில ஒண்டும் எழுதேல்லை. ஏறி வாறீங்களோ, இல்லாட்டி நீங்கள் சொல்ல நான் எழுதட்டோ?" என்றார் நேசமலர்.

ஷஸ்னா மூன்று மாடியும் திரும்ப ஏறினாள்.

ஐந்தாம் கிழமை, ஒரு புதன்கிழமை காலை, நேசமலர் மெற்றில்டாவுக்குப் போன் எடுத்தார். அவருடைய குரலில் பதற்றம் இல்லை. "மூச்சு விட்டு விட்டு வருது, மிஸி. வலி இல்லை. ஏழு மணி மருந்து குடுத்தனான். எழுதியும் வைச்சிட்டன். நீங்கள் வந்தா நல்லது." மெற்றில்டா கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்தாள். போகும்போதே மற்ற இருவருக்கும் சொன்னாள்.

பத்தரைக்கு எல்லாம் முடிந்தது. நேசமலர் அவர் கையைப் பிடித்திருந்தார். மெல்பேர்னுக்குத் திரும்பிப் போயிருந்த ஜனா போனில் இருந்தான். ராகுலன் அந்தப் போனை ஸ்ரீஸ்கந்தராசாவின் காதருகே பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தான். மகன் சொன்னதை அவர் கேட்டாரோ தெரியாது. கடைசி மூச்சு வலியில்லாமல், மெதுவாகப் போனது. ஷஸ்னா மார்பில் கருவியை வைத்துக் கேட்டாள். நேரத்தைப் பார்த்தாள். பிறகு கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நேசமலரின் காலடியில் தரையிலேயே அமர்ந்துவிட்டாள்.

மெற்றில்டா வெந்நீரில் துவாயை நனைத்து வந்தாள். நேசமலரும் அவளுமாக அவருடைய முகத்தையும் கைகளையும் துடைத்தார்கள். வெள்ளை வேட்டியும் சட்டையும் எடுத்து உடுத்தினார்கள். கல்கிசையிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசாவின் தங்கை வந்துகொண்டிருந்தார். வாகன நெரிசலில் தெகிவளைப் பாலத்தடியில் நிற்பதாகச் செய்தி வந்தது.

"உங்களுக்கு வேற வேற வீடுகள் இருக்கும். போகோணுமெண்டாப் போங்கோ," என்றார் நேசமலர்.

நுகேகொடையில் பன்னிரண்டு மணிக்கு ஒரு நோயாளி ஷஸ்னாவுக்காகக் காத்திருந்தார். அவள் போனைத் தேடுமுன்பே மெற்றில்டா அந்த வீட்டுக்கு அழைத்து, டொக்டர் மூன்று மணிக்கு வருவார் என்று சொல்லி, அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் விளக்கிவிட்டாள். ராகுலன் சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினான். அந்த வீட்டில் சீனி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

நேசமலர் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

"கலியாணம் முடிஞ்சு வந்த புதுசில இவர் என்னோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நாள் முழுக்கக் கோட்டில மற்றவையின்ர கதையைக் கதைச்சுப்போட்டு வாற மனுசன், வீட்டை வந்தா வாயே திறக்கமாட்டார். எனக்கு அழுகையா வரும். அம்மாவுக்குக் காயிதம் எழுதுவம் எண்டு பேப்பரும் எடுத்து வைச்சிட்டன்."

"பிறகு எப்ப அன்டி கதைச்சார்?" என்று கேட்டாள் ஷஸ்னா.

"மூண்டாம் நாள். சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க நிமிந்து என்னைப் பாத்தார். நானும் ஏதோ பெரிசாச் சொல்லப் போறார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்." நேசமலர் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "குழம்புக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டார்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். நேசமலரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார். மெற்றில்டா அவர் கையிலிருந்த தேத்தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள். அழவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.